லிங்க்ட்இன் புரொஃபைல்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

ஆள் எடுக்கும் குழுவில் நான் உட்கார ஆரம்பித்ததிலிருந்து, தெரிந்தவர்கள் தங்கள் லிங்க்ட்இன் (வேலை, தொழில் தொடர்புகளுக்கான இணையதளம்) பக்கத்தை அனுப்பி “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. பார்த்துச் சொன்னதும் அடுத்து வருவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் அடித்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

ரெஸ்யூம்தான் கையில இருக்கே, அப்புறம் இது எதுக்கு?

ரெஸ்யூமை நீங்கள் அனுப்பினால்தான் ஒருவர் பார்ப்பார். லிங்க்ட்இன் பக்கத்தை நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் யாரோ தேடி எடுக்கலாம். 2003-இல் தொடங்கி, 2016-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன இந்தத் தளத்தின் வருமானத்தில் ஒரு முக்கியப் பகுதி, ஆள் தேடும் நிறுவனங்களுக்குத் தேடும் வசதியை விற்பதில் வருகிறது. ரெக்ரூட்டர், அதாவது நிறுவனத்துக்கு ஆள் தேடுபவர், பதவி, திறமை, ஊர் என்று சில கட்டங்களை நிரப்புவார். நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு போட்டோ, ஒரு ஹெட்லைன் (பெயருக்குக் கீழே வரும் வரி), ஊர், இப்போதைய வேலை. அவ்வளவுதான் அவர் கண்ணுக்கு முதலில் தெரியும்.

ஆக உங்கள் பக்கத்துக்கு இரண்டு வேலை. அந்த வரிசையில் வர வேண்டும். வந்தபின் கிளிக் வாங்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கும். மூன்றாவதாக ஒரு சின்ன உபயோகமும் உண்டு: நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமில் இருக்கும் தேதிகள் இங்கேயும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

எல்லாமே காலியா இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

எழுதத் தொடங்கும் முன் செட்டிங்ஸுக்குப் போய், வேலை மாற்றம் போன்றவற்றை உங்கள் வட்டத்துக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், பழைய வேலை ஒன்றின் தேதியைத் திருத்தியதற்கெல்லாம் பத்துப் பேர் வாழ்த்து அனுப்புவார்கள்.

அடுத்தது மின்னஞ்சல். ஆபீஸ் முகவரியை மட்டும் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேலையை விட்ட அன்று மாலையே அந்த மெயில் மூடப்பட்டது, பாஸ்வேர்டும் நினைவில்லை. உள்ளே போக முடியாமல் பல நாள் அலைந்தேன். சொந்த முகவரி ஒன்றை இன்றைக்கே சேர்த்து, அதையே முதன்மை முகவரியாக ஆக்கிவிடுங்கள்.

பிறகு போட்டோ, ஊர், இப்போதைய வேலை, ஹெட்லைன், ஸ்கில்ஸ் என்று இந்த வரிசையில் முடியுங்கள். உங்களைப் பற்றி நீங்களே எழுதும் அபவுட் பகுதிதான் பலரை மலைக்க வைக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

போட்டோ கட்டாயமா? செல்ஃபி போதாதா?

கட்டாயமில்லை, ஆனால் படம் இல்லாத பக்கத்தைப் பலர் போலிக் கணக்கு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். வெளிச்சம் வரும் ஜன்னலைப் பார்த்து நின்று, வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்; தலையும் தோளும் தெரிந்தால் போதும். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த படத்தில் பக்கத்தில் நிற்பவரின் கை உங்கள் தோளில் மிச்சமிருக்கும். அது வேண்டாம். எல்லோரும் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தால், யாருக்குத் தெரியலாம் என்பதை நீங்களே குறைத்து வைக்கவும் வழி இருக்கிறது.

பின்னணிப் படத்தின் அளவு 1584 × 396 பிக்செல். அதற்காக ஒரு மாலையை வீணாக்காதீர்கள்.

நான் பெரிசா ஒண்ணும் சாதிக்கலையே, எக்ஸ்பீரியன்ஸ்ல என்ன எழுதுறது?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். இதைக் கேட்ட ஒருவர் மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அவர் பக்கத்தில் எட்டு வருட வேலைக்கு ஒரே வரி: “ஸ்டாக் பராமரிப்பு.” நான் கேட்டேன், “நீங்க ஒரு வாரம் லீவு போட்டா அங்க என்ன ஆகும்?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “டிஸ்பாட்ச் தப்பாப் போகும். எக்ஸ்பைரி கிட்ட வந்தது முதல்ல வெளிய போகணும். புதுசா வந்த பசங்க கைக்கு எட்டுறதை எடுத்து அனுப்பிடுவாங்க.” “அது நடக்காம யார் பார்த்துக்கிறாங்க?” “நான்தான். ராக்குல கலர் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேன், மாசத்துக்கு ஒரு கலர்.”

அந்த ஸ்டிக்கர்தான் சாதனை. “காலாவதி நெருங்கும் சரக்கு முதலில் வெளியேறும்படி, ராக்குகளில் மாதவாரியாக நிற அடையாளம் கொண்டுவந்தேன்” என்று எழுதினோம். இன்னொரு விஷயமும் அப்போதுதான் வெளிவந்தது. இந்த முறைக்குக் கிடங்குத் தொழிலில் ஃபெஃபோ என்று பெயர். ரெக்ரூட்டர் தேடுவதும் அந்தச் சொல்லைத்தான். எட்டு வருடமாக அதையே செய்துவந்தவரின் பக்கத்தில் அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

உங்களையும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் நான் இல்லாவிட்டால் எது நின்றுபோகும்? வரும் பதிலை எழுதுங்கள், அதற்குத் தொழிலில் வழங்கும் பெயரைச் சேருங்கள். எண் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் இட்டுக்கட்ட வேண்டாம். “செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்” என்று எழுதியவரிடம் நான் முதலில் கேட்பதே “எதிலிருந்து எதற்கு உயர்ந்தது?” என்பதுதான். பலர் அங்கேயே தடுமாறிவிடுகிறார்கள்.

ஹெட்லைன்ல கம்பெனி பேரும் பதவியும் தானாவே வந்துடுச்சே, அது போதாதா?

பல பேருக்கு அது போதும். “சீனியர் அக்கவுன்டன்ட்” என்று தேடுபவருக்கு அந்தச் சொற்கள் கிடைத்துவிடுகின்றன. ஆனால் 220 எழுத்து வரை இடம் தருகிறார்கள், அதை ஏன் விட வேண்டும்? நம் ஸ்டோர் கீப்பரின் பழைய ஹெட்லைன் இது: “கடின உழைப்பாளி | குழு மனப்பான்மை | எப்போதும் கற்பவன்.” புதியது: “ஸ்டோர்ஸ் எக்ஸிகியூட்டிவ் | மருந்துக் கிடங்கு | இன்வென்டரி, டிஸ்பாட்ச், ஃபெஃபோ.” பழையதை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

போனில் பார்க்கும்போது முதல் சில சொற்களோடு வரி வெட்டுப்பட்டுவிடும், அதனால் பதவி முதலில் வரட்டும். “நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்” என்று மட்டும் ஹெட்லைன் வைக்காதீர்கள். அந்தச் சொற்களைப் போட்டு எந்த ரெக்ரூட்டரும் ஆள் தேடுவதில்லை. படித்துக்கொண்டிருப்பவர்கள் படிப்பையும், கைவந்த இரண்டு மூன்று கருவிகளையும் போடலாம்.

அபவுட்ல என்னைப் பத்தி நானே எப்படிப் பெருமையா எழுதுறது? கூச்சமா இருக்கு.

பெருமையாக எழுத வேண்டியதே இல்லை. கூச்சம் வருவது உரிச்சொற்களால்தான். “திறமையான, அர்ப்பணிப்புள்ள, ஆர்வம் மிக்க” என்று தன்னைப் பற்றி எழுதும்போது யாருக்கும் கை கூசத்தான் செய்யும். நடந்ததைச் சொன்னால் கூசாது. “மருந்துக் கிடங்கில் இருப்பும் கணக்கும் ஒத்துப்போகச் செய்வது என் வேலை. வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக எண்ணிக்கொண்டிருந்த ஸ்டாக்கை, வாரத்துக்கு ஒரு ராக் என்று பிரித்து எண்ண ஆரம்பித்தோம். ஆடிட் சமயத்தில் இரவு தங்கி எண்ணும் வழக்கம் அத்தோடு நின்றது.” இதில் எங்கே பெருமை இருக்கிறது? ஆனால் கிடங்கு மேலாளர் ஒருவர் படித்தால் உடனே போனை எடுப்பார்.

2,600 எழுத்து வரை இடம் உண்டு, நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. முதல் மூன்று நான்கு வரிக்குப் பிறகு மீதி மடிந்துகொள்ளும், அதனால் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் அதற்குள் வரட்டும். “நான்” என்றே எழுதுங்கள். “இவர் ஒரு சிறந்த…” என்று தன்னையே மூன்றாம் மனிதராக்கி எழுதினால், யாரோ மேடையில் அறிமுகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தமிழ்லயே எழுதலாமா?

எழுதலாம். ஆனால் தேடுபவர் எந்த மொழியில் தட்டச்சு செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஆங்கிலத்தில் தேடினால், பதவி, ஸ்கில்ஸ், ஹெட்லைன் மூன்றும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் வரிசையில் வருவீர்கள். அபவுட்டை முதலில் தமிழில், நண்பரிடம் சொல்வதுபோல எழுதிவிட்டு, பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றுங்கள். சுமாரான ஆங்கிலத்தில் எழுதிய நேரான வாக்கியத்தைக் குறையாக யாரும் நினைப்பதில்லை. உங்கள் வேலையே தமிழில்தான் என்றால், அதாவது மொழிபெயர்ப்பு, பதிப்பு, கற்பித்தல் போன்றவை என்றால், தமிழ்ப் பத்தி கட்டாயம் இருக்கட்டும். அதுவே உங்கள் மாதிரி.

ஏஐகிட்ட குடுத்து எழுதி வாங்கிட்டா வேலை முடிஞ்சதுல்ல?

ஒரே வாரத்தில் இரண்டு விண்ணப்பதாரர்களின் அபவுட்டைப் படித்தேன். முதல் வாக்கியம் கிட்டத்தட்ட ஒன்று, முடிவும் ஒன்று. இருவரும் வேறு வேறு துறை! இருவருமே திறமைசாலிகளாக இருந்திருக்கலாம், படித்து முடித்தபோது இருவர் முகமும் என் மனதில் நிற்கவில்லை.

மொழி திருத்த, சுருக்க, மொழிபெயர்க்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். விஷயத்தை மட்டும் நீங்கள் கொடுங்கள். கலர் ஸ்டிக்கர் கதை எந்த ஏஐக்கும் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் உண்டு. திரும்பி வந்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நீங்கள் பேசாத சொற்களை நீக்கிவிடுங்கள்.

ஸ்கில்ஸ் எத்தனை போடலாம்? எண்டார்ஸ்மென்ட் எண்ணிக்கையை யாராவது பாக்குறாங்களா?

நூறு வரை சேர்க்க விடுகிறார்கள். இருபது முப்பதுக்கு மேல் போனால் உங்களுக்கே அதில் பாதி நினைவிருக்காது. விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் ஐந்தாறை எடுத்து வைத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றைச் சேருங்கள். ஃபெஃபோ கதை இங்கேயும் பொருந்தும்.

எண்டார்ஸ்மென்ட், அதாவது உங்களுக்கு இந்தத் திறமை உண்டு என்று இன்னொருவர் ஆமோதிப்பது, ஒரு கிளிக்கில் முடிகிற விஷயம். சித்தப்பா பையன் உங்களுக்கு ‘லீடர்ஷிப்’புக்கு ஓட்டுப் போட்டிருப்பான். நான் அதைப் பார்ப்பதில்லை.

ரெக்கமண்டேஷன் கேக்க ஒரு மாதிரி இருக்கு. எப்படிக் கேக்குறது?

இது எண்டார்ஸ்மென்ட் மாதிரி இல்லை. ஒருவர் தன் பெயரையும் பதவியையும் வைத்து நாலு வரி எழுதித் தருகிறார். நல்லதாக இரண்டோ மூன்றோ இருந்தாலே போதும். கேட்பதில் நாம் செய்யும் தப்பு, “ஒரு ரெக்கமண்டேஷன் போடுங்க சார்” என்று மொட்டையாகக் கேட்பது. அவருக்கும் என்ன எழுதுவதென்று தெரியாது, கடைசியில் “நல்ல பையன், கடின உழைப்பாளி” என்று வந்து சேரும்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “சார், நாம புது சாஃப்ட்வேருக்கு மாறினப்ப பழைய டேட்டாவை நான் சரிபார்த்தேன்ல, அதைப் பத்தி மட்டும் மூணு நாலு வரி எழுதித் தர முடியுமா? நேரம் இல்லேன்னா பரவாயில்ல.” என்ன எழுதுவது என்பதும் மறுப்பதற்கான வழியும் இரண்டுமே அவருக்குக் கிடைத்துவிடுகின்றன. வந்ததில் தப்பு இருந்தால் திருத்தித் தரச் சொல்லலாம். பிடிக்கவில்லை என்றால் மறைத்தும் வைக்கலாம். ஒரே நாளில் நண்பர்கள் இருவர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஜாக்கிரதை.

அம்மாவைப் பாத்துக்க ரெண்டு வருஷம் வேலைக்குப் போகலை. அதை எப்படி மறைக்கிறது?

மறைக்க வேண்டாம். பழைய வேலையின் முடிவுத் தேதியை இழுத்து இடைவெளியை மூடுபவர்கள் உண்டு. முதல் பதிலில் சொன்னதுபோல் தேதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். 2022-இலிருந்து வேலை இடைவெளியையே எக்ஸ்பீரியன்ஸில் ஒரு பதிவாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. குடும்பத்தினரைக் கவனித்துக்கொள்ளல், குழந்தை வளர்ப்பு, உடல்நலம், வேலையிழப்பு என்று காரணத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வரி எழுதினால் போதும். அந்த நாட்களில் ஏதாவது கோர்ஸ் முடித்திருந்தால் அதையும் சேருங்கள். நோயின் விவரம், ஆஸ்பத்திரிக் கதை எதுவும் அங்கே தேவையில்லை.

இப்ப இருக்கிற ஆபீஸுக்குத் தெரியாம வேலை தேடணும். ஓப்பன் டு வொர்க் போடலாமா?

அது ‘வேலை தேடுகிறேன்’ என்று காட்டும் வசதி. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று ரெக்ரூட்டர்களுக்கு மட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்க முயல்வதாகச் சொல்லும் லிங்க்ட்இன், அதற்கு முழு உத்தரவாதம் தரவில்லை. வெளியிலிருந்து உங்கள் ஆபீஸுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர் பார்த்தால் பார்த்ததுதான். தெரிந்தால் வேலையே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் அதைத் தொடாமல், பக்கத்தை மட்டும் சரியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் மொத்தத்தையும் மாற்றிப் புதுப் போட்டோவும் போட்டால், எந்த அறிவிப்பும் இல்லாமலே சக ஊழியர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு பகுதி என்று மெதுவாக மாற்றுங்கள். அறிவிப்பை அணைத்தாயிற்றா என்று இரண்டாவது பதிலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அவங்க புரொஃபைலைப் பார்த்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?

சாதாரண அமைப்பில் தெரியும். பிரைவேட் மோடுக்கு மாறினால் பெயர் போகாது, ஆனால் காசு கட்டாத கணக்காக இருந்தால் உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். இன்டர்வியூ எடுக்கப்போகிறவரின் பக்கத்தைப் பார்த்ததற்காகக் கூச்சப்படாதீர்கள். தயார் செய்துகொண்டு வருகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

500+ கனெக்‌ஷன் இல்லேன்னா மதிப்பே இல்லையாமே?

500-ஐத் தாண்டினால் எண்ணைக் காட்டாமல் 500+ என்று நின்றுவிடும். அதனால் உண்டான மாயை இது. 30,000 வரை சேர்க்கலாம்தான், அவ்வளவு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கனெக்‌ஷனால் கிடைக்கும் லாபம் வேறு: உங்களுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் இரண்டாம் வட்டத்தில் வருகிறார். உங்கள் துறையில் உண்மையாகவே பழகிய எண்பது பேர் இருந்தால், அவர்கள் வழியாக வரும் வட்டம் போதுமான அளவு பெரியது. முன்பின் தெரியாதவருக்கு அழைப்பு அனுப்பும்போது ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். தெரியாத பலருக்கு ஒரேயடியாக அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தால் கணக்குக்குக் கட்டுப்பாடு வரும்.

தினமும் போஸ்ட் போட்டே ஆகணுமா?

இல்லை. அடுத்த கேள்வி.

ஆபீஸ்ல எனக்கு வெறும் எக்ஸிகியூட்டிவ்னுதான் பேரு. செய்யுறது மேனேஜர் வேலை. மேனேஜர்னு போட்டுக்கலாமா?

நியாயமான வருத்தம். ஆனாலும் கூடாது. வேலை கொடுக்கும் முன் பழைய நிறுவனத்தில் விசாரிக்கும் இடங்களில் பதவிப் பெயரையும் சேர்த்தே கேட்பார்கள். பொருந்தாவிட்டால் ஆஃபர் கைக்கு வந்த பிறகும் போய்விடலாம். பதவியை ஆபீஸ் கொடுத்தபடியே வைத்துவிட்டு, அதன் கீழ் முதல் வரியில் உண்மையை எழுதுங்கள்: “ஆறு பேர் கொண்ட ஷிப்டை நடத்துகிறேன், அட்டவணை, லீவு, பயிற்சி மூன்றும் என் பொறுப்பு.” படிப்பவர் மேனேஜர் என்று அவராகவே புரிந்துகொள்வார்.

பதவிப் பெயரே விநோதமாக இருந்தால் கதை வேறு. சில நிறுவனங்கள் ‘ஹேப்பினஸ் நிஞ்ஜா’ ரகத்தில் பெயர் வைக்கின்றன. அதை அப்படியே போட்டுப் பக்கத்தில் ஒரு கோடிட்டு ‘கஸ்டமர் சப்போர்ட்’ என்று சேருங்கள். அது பொய்யில்லை, மொழிபெயர்ப்பு.

நான் செஞ்ச பாதி வேலை கம்பெனி ரகசியம். எதை எழுதுறது?

வாடிக்கையாளர் பெயர், தொகை, வெளிவராத தயாரிப்பு இவற்றை விட்டுவிடுங்கள். “பெரிய வங்கி ஒன்றுக்கு”, “பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனத்துக்கு” என்றால் போதும். செய்த விதத்தையும் பயன்படுத்திய கருவிகளையும் பெரும்பாலும் சொல்லலாம். சந்தேகமாக இருந்தால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ‘நாளைக்கு எங்கள் ரகசியத்தையும் இப்படித்தான் எழுதிவைப்பார்’ என்று புது நிறுவனம் நினைக்க இடம் கொடுக்காதீர்கள்.

அக்கவுன்டிங் ஒரு பக்கம், போட்டோகிராஃபி ஒரு பக்கம். ரெண்டு புரொஃபைல் வச்சுக்கலாமா?

ஒருவருக்கு ஒரு கணக்கு என்பது தளத்தின் விதி. எதில் அடுத்த வேலை வேண்டுமோ அதை ஹெட்லைனில் முன்னால் வையுங்கள். மற்றதை எக்ஸ்பீரியன்ஸில் தனிப் பதிவாகவும், படங்களை, வேலை மாதிரிகளைக் காட்டும் ஃபீச்சர்ட் பகுதியிலும் வைக்கலாம். தெரியாமல் ஏற்கெனவே இரண்டு வைத்திருந்தால் ஒன்றாக இணைக்கும் வசதி உண்டு. ஆனால் கனெக்‌ஷன்கள்தான் கூடவே வரும், ரெக்கமண்டேஷன்கள் வராது. எதை மூடுவது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

புரொஃபைலைச் சரி பண்ணதும் பெரிய சம்பளத்தோட மெசேஜா வருது. நம்பலாமா?

பக்கம் பளிச்சென்று ஆனால் ஏமாற்றுக்காரர்கள் கண்ணிலும் படத்தான் செய்யும். அடையாளம் கண்டுபிடிக்க இரண்டு விஷயம் போதும். எந்தப் பெயரிலாவது பணம் கேட்கிறார்களா: பதிவுக் கட்டணம், பயிற்சி, லேப்டாப் டெபாசிட்? இன்டர்வியூவே இல்லாமல், உடனே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ இழுக்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெசேஜ் அனுப்பியவரின் பக்கம் போன மாதம்தான் தொடங்கப்பட்டதா என்று பாருங்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்றும் தேடுங்கள். உங்கள் பக்கத்தில் போன் நம்பரும் பிறந்த தேதியும் யாருக்குத் தெரிகின்றன என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

எல்லாம் செஞ்சு மூணு மாசம் ஆச்சு. ஒருத்தரும் கூப்பிடலை. என்ன தப்பு?

எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே, தேடலில் எத்தனை முறை வந்தீர்கள், எத்தனை பேர் உள்ளே வந்து பார்த்தார்கள் என்ற கணக்கு இருக்கும். தேடலிலேயே வரவில்லை என்றால் சொற்களில் கோளாறு, அதாவது பதவி, ஸ்கில்ஸ், ஊர். தேடலில் வந்தும் யாரும் திறக்கவில்லை என்றால் போட்டோவும் ஹெட்லைனும். திறந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றால் எக்ஸ்பீரியன்ஸைத் திரும்ப எழுதுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அழைப்பு வராத காலம் உண்டு. அந்தத் துறையில் அப்போது ஆள் எடுக்காமல் இருக்கலாம், அதைப் புரொஃபைலால் சரிசெய்ய முடியாது.

நம் ஸ்டோர் கீப்பருக்கும் முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால், தேடலில் வந்ததே நாலைந்து முறைதான். ஹெட்லைன் சரி, ஸ்கில்ஸ் சரி, ஃபெஃபோவும் இருக்கிறது. அரை மணி நேரம் துழாவிய பிறகுதான் கண்ணில் பட்டது: பக்கத்தில் இருந்தது எட்டு வருடத்துக்கு முன் அவர் குடியிருந்த ஊர். ஊரைப் போட்டு வடிகட்டும் ரெக்ரூட்டர் யாருக்கும் அவர் தெரிந்திருக்கவே வழியில்லை. மாற்றினோம். அடுத்த வாரம் அவரைத் தேடியெடுத்தவர்களின் பட்டியலில் முதல்முறையாக ‘வேர்ஹவுஸ் மேனேஜர்’ என்று ஒரு பதவி வந்திருந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார்.